ஆட்டின் ஏழு

சும்மா இருக்க என் கைகளுக்குத் தெரியாது. பேருந்தில், பல் மருத்துவர் வாசலில், எங்கே உட்கார்ந்தாலும் விரல்கள் சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டே இருக்கும். பதினாறு வருஷம் பிறந்தநாள் விழாக்களிலும் அலுவலக விருந்துகளிலும் வித்தை காட்டி அலுத்துப்போயிற்று. இப்போது ஒரு பயணிகள் கப்பலில் ஆள் எடுக்கிறார்கள். தினம் இரண்டு காட்சி, மேடை, விளக்கு. கிடைக்காவிட்டால் மச்சானின் குழாய்க் கடையில் ஒரு ஸ்டூல். புண்ணியவான், போன மாதமே அதைத் துடைத்து வைத்துவிட்டார்.

தேர்வுக்கு நான் நம்பியிருந்தது ஒரே வித்தையை. சீட்டுகளை விசிறிபோல் விரித்து, "எது வேணும்னாலும் எடுங்க" என்பேன். எடுப்பவர் தன் இஷ்டப்படி எடுத்ததாக நினைப்பார். ஆனால் அவர் விரலுக்கடியில் நான் நைசாகத் தள்ளிய, சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ஏழுதான் வரும். இரண்டு மாதமாக என் மனைவியிடம் காட்டிப் பழகினேன். அவள் வீட்டிலேயே துணி தைப்பவள். மெஷினை நிறுத்தாமல் இடக்கையை நீட்டி ஒன்றை உருவுவாள். ஒருமுறைகூடத் தவறியதில்லை. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

இன்று மதியம் ஓட்டல் அறையில் கப்பல் கம்பெனி அதிகாரி எதிரே உட்கார்ந்தார். கண்ணாடி போட்ட, சிரிக்காத அம்மாள். ஓரத்திலிருந்து ஒன்றை எடுத்தார். கிளாவர் நான்கு. மறுபடி விரித்தேன். இஸ்பேட் ராணி. மூன்றாம் தடவை டைமண்ட் இரண்டு.

"நாளைக்குப் பத்து மணிக்கு ஒரு தடவை வாங்க. அதோட முடிவு பண்ணிடலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீ எடுத்தா மட்டும் எப்படி ஏழு வருது?" என்று கத்தினேன்.

அவள் மெஷினை நிறுத்தினாள்.

"அந்தச் சீட்டு மட்டும் ஒரு நூலளவு வெளிய நீட்டிட்டு இருக்கும். என் கை கிட்ட வந்ததும் நீங்க மூச்ச வேற பிடிச்சுக்குவீங்க."

"தெரிஞ்சேதான் எடுத்தியா?"

"வேற எடுத்தா அன்னிக்குப் பூரா எரிஞ்சு விழுவீங்க. நான் தைக்கிறதா, உங்கள சமாதானப்படுத்துறதா?"

கோபம் வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. வெட்டிய துணிகளை ஒதுக்கிவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"இப்ப உண்மையா எடு."

"அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

ஈவு இரக்கமில்லாமல் எடுத்தாள். பதினொரு தடவை. பதினொன்றும் வேறு வேறு சீட்டு. ஒவ்வொன்றையும் என் முகத்துக்கு நேரே காட்டினாள். நான் விரல்களை மாற்றிப் பிடித்தேன், மூச்சைச் சீராக விட்டேன், விசிறியை மெதுவாக நகர்த்தினேன்.

பன்னிரண்டாவது தடவை ஆட்டின் ஏழு வந்தது.

"அட!" என்றாள்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தாங்க. நீட்டவே இல்ல, ஒண்ணும் தெரியல."

சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொண்டாள். முகம் பார்த்தே பதினாறு வருஷம் பிழைத்தவன் நான். அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இன்னொரு தடவை விரித்தால் தெரிந்துவிடும். சீட்டுகளைக் கலைத்தேன், திரும்பக் கலைத்தேன். பதின்மூன்றாவது தடவை விரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.