ராஜம்மாளின் ஏழு கல் தோடு

கீழ்பென்னாத்தூர் அப்பாதுரையின் எருமை அன்று விடியலில் கிடேரிக் கன்று போட்டது. கொட்டகையிலிருந்தே அவர் மனைவி தங்கம்மாள் கூவினாள்.

"ஏங்க, கல்லு ராசியான கல்லுங்க! கிடேரிங்க!"

வீட்டுக்கு வைரம் வந்து மூன்று நாளாகியிருந்தது. தோடாக இல்லை, உதிரிக் கற்களாகத்தான். வைரம் வாங்குகிறவர்கள் கல்லை மூன்று இரவு வீட்டில் வைத்திருந்து, நல்லது நடக்கிறதா கெட்டது நடக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகே தங்கத்தில் வைத்துக் கட்டச் சொல்வார்கள். தங்கம்மாள் அந்தச் சின்னக் காகிதப் பொட்டலத்தைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு, யாராவது தும்மினால்கூடத் திடுக்கிட்டு எழுந்துகொண்டிருந்தாள். எருமை அவள் வயிற்றில் பாலை வார்த்தது. தெருப் பெண்களெல்லாம் ஓடிவந்து கன்றைப் பார்த்தார்கள், கல்லைப் பார்த்தார்கள், மறுபடியும் கன்றைப் பார்த்தார்கள்.

மகள் கஸ்தூரிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பலராமன் திருவண்ணாமலையில் மின்சார ஆபீஸ் குமாஸ்தா. நல்ல பையன். அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத பையன். அதுதான் சிக்கல். அவனுடைய அம்மா ராஜம்மாள் பெண் பார்க்க வந்த அன்றே பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டாள்.

"நாங்க ஒண்ணும் கேக்கறவங்க இல்ல. ஊரு பாக்கற மாதிரி ஏழு கல்லு வைரத் தோடு. அவ்ளோதான். கல்லு மட்டும் வெள்ளையா இருக்கணும். என்னுது மாதிரி. ப்ளூ ஜாகர்னு சொல்வாங்களே, அந்த ஒசத்தி வெள்ள."

சொல்லிவிட்டுத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். காதில் கிடந்த தோடு பளிச் பளிச்சென்று மின்னியது. ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இப்படிக் கேட்கிறவர்களிடம்தான் பெண்ணைப் பெற்றவர்கள் அதிகம் பயப்பட வேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் கொல்லையில் மணிலாக் கடலை நன்றாக விளைந்திருந்தது. அந்தத் தைரியத்தில் அப்பாதுரை மகளையும் அழைத்துக்கொண்டு, பஸ் பிடித்து, திருவண்ணாமலைத் தேரடி வீதியில் இராமலிங்கத்தின் நகைக்கடைக்குப் போனார். இராமலிங்கம் வாய் ஓயாமல் பேசுகிற வியாபாரி. ஆனால் பொய் பேசுகிறவர் இல்லை. இரண்டு வகைக் கற்களை எடுத்து வைத்தார்.

"இது சுத்த வெள்ள. நம்ம கைக்கு அடங்காது. அது துளி மஞ்சள் ஓடும். வெள்ளக் காகிதத்துல கவுத்துப் போட்டு, பக்கவாட்டுல பாத்தாதான் அது தெரியும். காதுல போட்டா யாருக்கும் தெரியாது."

கஸ்தூரி டீச்சர் டிரெயினிங் முடித்தவள். எதையும் செய்து பார்க்காமல் நம்ப மாட்டாள். ஒவ்வொரு வகையிலும் ஒரு கல்லை மெழுகில் ஒட்டச் சொல்லி, இரண்டு காதருகிலும் பிடித்துக்கொண்டு, அப்பாவைக் கடைக்கு வெளியே போய் நிற்கச் சொன்னாள்.

"எதுப்பா மஞ்சள்?"

அப்பாதுரை கண்ணைச் சுருக்கி, யோசித்து, உறுதியாகக் கை நீட்டினார். சுத்த வெள்ளையைக் காட்டினார். கடையே சிரித்தது. அவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. துளி மஞ்சள் ஓடுகிற கல்லையே எடுத்துக்கொண்டு, ராசி பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வந்தார்கள்.

எருமை ராசி சொல்லிவிட்டதால் அந்த வெள்ளிக்கிழமையே சம்பந்தி வீட்டுக்குக் கல்லைக் காட்டக் கிளம்பினார்கள். தங்கம்மாள் கன்றை விட்டு வர முடியவில்லை. அப்பாவும் மகளும் போனார்கள். கஸ்தூரிக்குப் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கவே முடியவில்லை. மலை தெரிந்ததும் ஒருமுறை, கோபுரம் தெரிந்ததும் ஒருமுறை, பொட்டலம் இருக்கிறதா என்று அப்பாவின் மடியைத் தொட்டுப் பார்த்தாள்.

ராஜம்மாள் அப்போதுதான் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்திருந்தாள். பக்கத்து வீட்டு ஜோதியம்மாளும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள். ராஜம்மாள் பொட்டலத்தைப் பிரித்து, கற்களை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, ஜன்னலருகே போனாள். போன வேகத்தில் திரும்பினாள்.

"இன்னாங்க இது? கல்லெல்லாம் மஞ்சள் பூத்துகினு கெடக்குது!"

ஜோதியம்மாளும் எட்டிப் பார்த்தாள். "ஆமா ராஜம்மா, நெய்யாட்டம் இருக்குது!"

அப்பாதுரை துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கஸ்தூரிதான் பேசினாள். "அத்த, உங்க கையில மஞ்சள் இருக்குது. கல்லு அதக் காட்டுது. ஒரு வெள்ளக் காகிதத்துல..."

"ஓகோ! கல்லு நல்ல கல்லு, என் கைதான் குத்தமா? கல்யாணத்துக்கு முன்னாலயே இம்மாம் வாயி!" ராஜம்மாள் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். "கெளம்புங்க எல்லாரும். கடையிலயே வச்சுப் பாத்துடலாம். மஞ்சள் கல்லா இருந்தா இந்தக் கல்யாணம் கெடையாது. டேய் பலராமா, சட்டையப் போடு!"

தேரடி வீதியில் முன்னால் ராஜம்மாள், பின்னால் ஜோதியம்மாள், அதற்குப் பின்னால் மற்றவர்கள் என்று ஒரு சின்ன ஊர்வலமே போனது. என்ன விஷயம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஜோதியம்மாள் பதில் சொல்லிக்கொண்டே போனதால், கடைக்குப் போய்ச் சேருவதற்குள் ஊர்வலம் கொஞ்சம் பெருத்துவிட்டது.

கடையில் இராமலிங்கம் வாயைத் திறப்பதற்குள் அப்பாதுரை முந்திக்கொண்டார்.

"சம்மந்தியம்மா, கோச்சுக்காதீங்க. கெணத்தோட இருக்கிற கொல்லைய வித்துடறேன். அந்தச் சுத்த வெள்ளயவே எடுத்துடலாம். கல்யாணம் நிக்கக் கூடாதுங்க."

அந்தக் கிணறு அவர் தன் கையால் வெட்டியது. கஸ்தூரிக்கு அது தெரியும். சின்ன வயதில் அந்தக் கிணற்று மேட்டில்தான் அவள் விளையாடினாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"வேணாம்பா. கல்லு மஞ்சள்னு நிக்கிற கல்யாணம் நின்னுட்டுப் போவட்டும்." பலராமன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. மஞ்சளா இருக்குதுன்னு உங்க கண்ணுக்குத் தெரியுதா?"

பலராமன் கல்லைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், கடைசியில் முதல் முறையாகக் கஸ்தூரியின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"எனக்கு எல்லாக் கல்லும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றான். "கொல்லய விக்க வேணாம்மா."

ராஜம்மாளுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒண்ணாத் தெரியுதா? என் வவுத்துல பொறந்துட்டு வைரம் தெரியலியா உனக்கு? இராமலிங்கம்! என் தோட்டப் புதுசாக் கட்டக் குடுத்தனே, கல்லெல்லாம் பிரிச்சாச்சா?"

"பிரிச்சாச்சும்மா. ஆனா அதெல்லாம் இப்ப எதுக்கு..."

"எடு! என் கல்லையும் இந்தக் கல்லையும் பக்கத்துல பக்கத்துல வையி. நாலு பேரு பாக்கட்டும் வெள்ளன்னா இன்னான்னு!"

இராமலிங்கம் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அவள் விடவில்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டு, வெயில் நேராக விழாத இடமாகப் பார்த்து வெள்ளைக் காகிதத்தை விரித்தார். இரண்டு பொட்டலங்களையும் பிரித்து, இந்தப் பக்கம் ஒரு குவியல், அந்தப் பக்கம் ஒரு குவியலாகக் கவிழ்த்து வைத்தார். கூட்டம் எட்டிப் பார்த்தது.

இந்தத் தடவை வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு குவியலில் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத நிறம். இன்னொன்றில் நிஜமாகவே மஞ்சள், பழைய நெய்யின் மஞ்சள்.

"பாத்தீங்களாடி!" ராஜம்மாள் துள்ளிக் குதிக்காத குறை. வெளுப்பான குவியலைத் தொட்டுக் காட்டினாள். "இது என்னுது! தண்ணி மாதிரி இருக்குது பாருங்க. அந்த மஞ்சள்தான் சம்மந்தி வூட்டுக் கல்லு!"

இராமலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, நீங்க தொட்டது அவங்க கல்லு. அந்த மஞ்சள்தான் உங்களுது."

"பொய்யி! கல்ல மாத்திட்டியா நீ?"

அவர் மஞ்சள் குவியலிலிருந்து பெரிய கல்லை இடுக்கியால் எடுத்து அவள் கண்ணருகே பிடித்தார். ஓரத்தில் ஒரு சின்ன மூளி. கைப்பிள்ளையாக இருந்தபோது பலராமன் தோட்டைப் பிடித்து இழுத்து, அது அம்மிக்கல்லில் விழுந்து வந்த மூளி. அந்த மூளியை உலகத்தில் அவளைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

ராஜம்மாள் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கல்லின் வெளுப்பைத் தெருவே புகழ்ந்திருக்கிறது. மாமியார் புகழ்ந்தாள், நாத்தனார்கள் பொறாமைப்பட்டார்கள். ஒருவர்கூட மஞ்சள் என்று சொன்னதில்லை. அந்தத் தோட்டுக்காக அவளுடைய அப்பா உழவு மாட்டை விற்றார். அடுத்த பட்டத்தில் இரவல் மாடு கேட்டு வீடு வீடாக நின்றார். தோட்டைப் போட்டுக்கொண்ட பெருமையில் அவள் அதை அன்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இப்போது நினைத்தாள். எதிரே அப்பாதுரை துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற நிலை, அவள் அப்பா நின்ற அதே நிலை. அவள் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே" என்றாள். அதுவரை அவள் அப்பாதுரையை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "கொல்லைய விக்காதீங்க. இந்தக் கல்லையும் இராமலிங்கம் திருப்பி எடுத்துக்கட்டும். அந்தப் பணத்துல கெணத்துக்கு மோட்டாரு போடுங்க. என் கல்லையே கஸ்தூரிக்குக் கட்டச் சொல்றேன். மஞ்சளா இருக்குதேன்னு அவ நெனக்கலன்னா."

"போட்டுக்கறேன் அத்த" என்றாள் கஸ்தூரி. சொல்லும்போதே சிரிப்பும் அழுகையுமாக வந்துவிட்டது.

கல்யாணத்தன்று சத்திரத்தில் ஒரே இரைச்சல். மேளக்காரர்களையும் மீறிக்கொண்டு பெண்கள் பேசினார்கள். அடி அண்ணாமலையிலிருந்து வந்திருந்த ராணியம்மாள், ராஜம்மாளின் தூரத்து உறவு, மணப்பெண்ணின் காதைப் பார்த்து வாயைப் பிளந்தாள். தன் மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தவள் அவள்.

"ராஜம்மா, கல்லா அது! இன்னா வெள்ள, இன்னா வெள்ள! சம்மந்தி பெரிய எடந்தான் போல. நானும் எம்மருமவளுக்கு இதே மாதிரிதான் கேக்கப் போறேன்!"

பக்கத்தில் நின்ற ஜோதியம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராஜம்மாள் சிரிக்கவில்லை. ராணியம்மாளின் கையைப் பிடித்து மணமேடைக்குப் பக்கத்திலேயே இழுத்து வந்து நிறுத்தினாள்.

"நல்லாப் பாரு. அது என் பழைய கல்லு. சுத்த மஞ்சள். கிட்ட நின்னும் உனக்குத் தெரியல, இத்தன வருஷமா எனக்கே தெரியல. தெரியாத ஒரு கலருக்காக ஒரு நல்ல மனுஷனக் கெணத்த விக்க வைக்க இருந்தேன்டி நான். கல்ல கேக்காத. கல்லு வெள்ளையா மஞ்சளான்னு ஒருத்தரும் பாக்கப் போறதில்ல. அதக் கேட்டு வாங்கி, பொண்ணப் பெத்தவன நடுத்தெருவுல நிக்க வச்சோம்னா, அந்தக் கறை மட்டும் எந்த வெளிச்சத்துலயும் தெரியும்."