மெஷின் மேஜையில் ஒரு துளை

1
இந்தக் கதைக்கு விதை ஒரு துளை. பட்டாணி அளவுகூட இருக்காது. எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கும் சின்ன மில்லிங் மெஷினின் இரும்பு மேஜையில், நட்டநடுவே விழுந்தது.

உலோகத்தைச் செதுக்கும் அந்த மெஷினை என் கணவரும் என் தம்பியும் சேர்ந்து வாங்கினார்கள். இவர் பல் மருத்துவர். அவன் லிஃப்ட் மெக்கானிக். இதுவரை அதில் செய்ததெல்லாம் பிடிப்பான்கள்தான். செதுக்கும் துண்டு அசையாமலிருக்க ஒரு பிடிப்பான். அதைச் செய்யும்போது அது அசையாமலிருக்க இன்னொன்று. “கடைசியில என்னதான் செய்யப் போறீங்க?” என்று கேட்டால், இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

2
அன்று மாலை வானம் இருண்டு

(வேண்டாம். பின்னறைக்கு ஜன்னலே கிடையாது.)

உலோகத் துண்டுக்கு அடியில் மரப்பலகை வைக்க மறந்து யாரோ டிரில்லை இறக்கியிருக்கிறார்கள். அது துண்டைத் தாண்டி மேஜையிலும் இறங்கிவிட்டது.

“பல்லுன்னு நெனச்சுட்டீங்களா, அத்தான்?” என்றான் தம்பி.

இவர் முகம் சிவந்தது. “நான் பலகை வெக்காம டிரில்லத் தொடவே மாட்டேன். உன் கவனத்த நெனச்சா, லிஃப்ட்ல ஏறவே பயமா இருக்கு.”

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அதுவரை ‘மச்சான்’ ஆக இருந்தவன் ‘உன் தம்பி’ ஆனான். ஃபோனில் அவனும் “உன் வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?” என்றான்.

(அடிக்குறிப்பு மாதிரி: இருவருக்கும் நடுவே தூது போகும் வேலை முழுக்க என் தலையில் விழுந்தது.)

3
என் கணவர் [வீம்பில்] வருத்தத்தில் இருந்தார். திருத்தம் அவருடையது. “வீம்பெல்லாம் இல்ல” என்று என் வரைவை வாங்கிப் பென்சிலால் அடித்துவிட்டார்.

அந்த வருத்தத்தோடு தனியாகவே ஒரு தடித்த அலுமினியத் தட்டு செய்தார். மேஜை முழுவதையும் மூடும். வரிசை வரிசையாக போல்ட் துளைகள். இனி டிரில் தவறினால் அடிபடுவது தட்டுதான். ஆனால் அதைக் கோணாமல் பொருத்த இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேஜையை நகர்த்தும் கைப்பிடியைச் சுற்றி, அளவுமானியின் முள் ஆடுகிறதா (ஆடினால் தட்டு கோணல்) என்று பார்க்க வேண்டும்; மற்றவர் ரப்பர் சுத்தியலால் தட்டை நகர்த்த வேண்டும்.

என்னைக் கூப்பிட்டார்.

“முள்ளு ஆடுதா?”

“ஆடுது.”

“எப்படி ஆடுது?”

“நல்லாத்தான் ஆடுது.”

சுத்தியலைக் கீழே வைத்தார். “உன் தம்பிக்கு இன்னிக்கு லீவா?”

4
முடிவு, முதல் வரைவு: தம்பி கண்கலங்கி வந்து அத்தானைக் கட்டிக்கொண்டான்.

(பொய். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே இல்லை.)

நடந்தது இது. நான் ஃபோன் செய்ததும் வந்தவன், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தட்டைத் தடவிப் பார்த்தான். “ஓட்டையெல்லாம் நல்ல வரிசையா இருக்கு, அத்தான்.”

“மூணாவது வரிசை கொஞ்சம் இழுத்துடுச்சு, மச்சான்.”

நான் கதவருகிலேயே நின்றேன். அவன் சுற்ற, இவர் மெல்லத் தட்ட, முள் ஆடாமல் நின்றது. போல்ட்டுகளை முடுக்கினார்கள். துளை அடியில் மறைந்தது.

“அன்னிக்கு நான்தான் போட்டிருப்பேன்” என்றான் தம்பி.

“இல்ல, நான்தான். பலகைய எடுத்தது இப்ப ஞாபகம் வருது.”

“உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நான்தான்னு சொல்றேன்ல!”

“ஏன், என் மெஷின்ல நான் ஓட்டை போடக்கூடாதா?”

“உங்க மெஷினா?”

குரல்கள் ஏறுகின்றன. யார் போட்டது என்று நான் எழுதினால், இப்போது மற்றவருக்குக் கோபம் வரும். உங்களுக்கு யார்மேல் பிரியமோ அவர் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். நான் போய்ப் பின்னறைக் கதவைச் சாத்துகிறேன்; பக்கத்து வீட்டில் கைக்குழந்தை தூங்குகிறது.