அழகு சாமான்

ஆபீஸில் அவளுக்குக் கத்தரி என்று பேர். எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் வேண்டாத சொல்லை நறுக்கி, தையல் தெரியாமல் மூட்டிக் கொடுத்துவிடுவாள். பற்பசை, வாய் கொப்பளிக்கும் நீர், நாக்கு வழிப்பான் என்று வாய்க்குள் போகிற சகலத்தையும் செய்து விற்கிற கம்பெனி அது. அட்டையில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று பார்ப்பது அவள் வேலை. குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அந்தப் பட்டத்தைப் பத்திரமாக வைக்க வீட்டில் ஒரு பீரோ கூடக் கிடையாது.

புது ஜெல் ஒன்று வந்திருந்தது. பல்லில் இருக்கும் நுண்துளைகளை அடைத்து, கூச்சம் தெரியாமல் செய்யும். அங்கேதான் சிக்கல். பல்லைச் சுத்தம் செய்யும், வெளுப்பாக்கும், வாய் மணக்கும் என்று சொன்னால் அது அழகுசாதனப் பொருள். சோப்பு, பவுடர் மாதிரி சுலபமாகக் கடைக்குப் போய்விடும். துளையை அடைக்கும், வலியைக் குறைக்கும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் மருத்துவ சாதனம். ஆட்களுக்குப் போட்டுப் பார்த்து, சோதனை முடிவைக் காட்டி, வருஷக் கணக்கில் தவம் கிடக்க வேண்டும்.

கத்தரி நறுக்கினாள். 'கூச்சத்தைக் குறைக்கும்' போய் 'இதமான உணர்வு தரும்' வந்தது. 'துளைகளை அடைக்கும்' போய் 'பல்லுக்கு மெல்லிய போர்வை' வந்தது. கடைசியில் ஒரு வரி மட்டும் மிஞ்சியது: நான்கு வாரங்களுக்கு மேல் பயன்படுத்த வேண்டாம், வலி நீடித்தால் பல் மருத்துவரைப் பாருங்கள்.

"இது இருக்கட்டும் சார். எச்சரிக்கைதானே?"

மேனேஜர் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. ஆபீஸில் கேக் வெட்டினால் வாட்ச்மேனுக்குத் துண்டு போனதா என்று விசாரிக்கிறவர்.

"பவுடர் டப்பால டாக்டரைப் பாருன்னு எழுதுவாங்களாம்மா? அந்த ஒரு வரி போதும், இது வைத்திய சமாச்சாரம்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி. எடுத்துரு."

எடுத்தாள். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது என்பதுதான் அப்போது அவள் கவலை.

ஆபீஸ் ஆட்களுக்கு சாம்பிள் ட்யூப்களை அள்ளிக் கொடுத்தார்கள். அவள் தன் பங்கை அம்மாவின் மடியில் கொட்டினாள். அம்மாவுக்கு மீன் கிடங்கில், ஐஸ் அறையில் வேலை. வாயைத் திறந்து மூச்சு விட்டாலே பல் சுரீரென்னும்.

"என்னடி இது, மருந்தா?"

"இல்லம்மா. அழகு சாமான்."

"இந்த மூஞ்சிக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்."

ஆனாலும் தடவிக்கொண்டாள். ஒரு வாரத்தில் ஐஸ் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துக் காட்டினாள். ட்யூப் தீரத் தீர இவள் கொண்டுவந்தாள். அட்டையில் இல்லாத அந்த வரி உலகத்தில் இவளுக்கும் இன்னும் சில பேருக்கும்தான் தெரியும். அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொள்ளாமல் சிரித்துப் பேசுவதைப் பார்த்த சந்தோஷத்தில் இவளுக்கே அது மறந்துபோனது. ஜெல் எந்த வகை என்று முடிவு சொல்ல வேண்டிய கட்டுப்பாட்டு அலுவலகமும் மெதுவாகத்தான் நாள் குறித்தது. மாதங்கள் ஓடின.

ஒரு காலையில் அம்மாவின் கன்னம் கண்ணை மூடும் அளவுக்கு வீங்கியிருந்தது.

பல் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சொத்தை ரொம்ப நாளா உள்ள இறங்கியிருக்கு. கூச்சம் தெரிஞ்சிருந்தா அப்பவே வந்திருப்பாங்க. இப்போ நரம்பு செத்து, சீழ் தாடை எலும்புக்குப் போயிருச்சு. எலும்புல கொஞ்சம் வெட்டி எடுக்கணும். தள்ளிப் போடாதீங்க."

ஆபரேஷன் வியாழக்கிழமை என்று முடிவானது. கம்பெனி காப்பீட்டு கார்டு இருந்ததால் அம்மாவுக்கு அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் தனி அறை கிடைத்தது.

கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கூட்டம் அதே வாரம் திங்கட்கிழமை. காரில் போகும்போது மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"லீவு எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோ. செலவை கார்டு பார்த்துக்கும்."

"அந்த வரியைத் திரும்பப் போட்டுடலாம் சார்."

"போட்டா மருத்துவ சாதனம் ஆயிரும். மிஷின் ஓட்ட ஆள் எடுத்தாச்சு, அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பணும். கோவிச்சுக்காதம்மா, உங்கம்மா முதல்லயே டாக்டர்கிட்ட போயிருக்கணும்."

அந்தக் கடைசிப் பேச்சுதான் அவளுக்கு எரிந்தது. ஐஸ் அறையில் ஒரு நாள் லீவு போட்டால் மறுநாள் அந்த இடத்தில் வேறொருத்தி நிற்பாள். வலி உயிரை எடுத்தால்தான் அம்மா மாதிரி ஆட்கள் டாக்டரைப் பார்ப்பார்கள். அந்த வலியைத்தான் இவள் பை பையாகக் கொண்டுவந்து அடைத்துவிட்டிருந்தாள்.

கூட்டத்தில் இருந்தது ஒரே அதிகாரி, வயதான அம்மாள். ட்யூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதமான உணர்வுன்னா என்ன?"

"வாய் ஃப்ரெஷ்ஷா இருக்குமே மேடம், அந்த உணர்வு" என்றார் மேனேஜர்.

"பல்லுக்குள்ள எதுவும் செய்யாதா?"

"எல்லாம் மேலோடதான் மேடம்."

அதிகாரி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"செய்யும் மேடம்" என்றாள் கத்தரி. "துளையை அடைக்கும். கூச்சம் தெரியாது. நாலு வாரத்துக்கு மேல போடக் கூடாதுன்னு ஒரு வரி இருந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

மேனேஜர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "பொண்ணு கொஞ்சம் குழப்பத்துல இருக்கு மேடம். அம்மாவுக்கு உடம்பு சரியில்ல."

"எதனால சரியில்லைன்னும் சொல்லுங்க சார்."

அதிகாரி பேனாவை மூடினார். ஃபைல் மருத்துவ சாதனப் பிரிவுக்குப் போனது. மறுநாள் அவள் வேலை போனது. அதற்கும் மறுநாள், கார்டு செல்லவில்லை என்று ஆஸ்பத்திரிக் கவுண்ட்டரில் இருந்த பெண் மரியாதையாகவே சொன்னாள்.

வியாழக்கிழமை அம்மா அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில், இன்னொரு நோயாளியின் கால்மாட்டை ஒட்டிப் போட்ட கட்டிலில் படுத்திருந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. ஆபரேஷன் எப்போது என்று கேட்டால் "கூப்பிடுவோம்" என்றார்கள். பக்கத்துக் கட்டில்காரர் அதே பதிலோடு ரொம்ப நாளாக அங்கே இருக்கிறார்.

அம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. வரியை எடுத்தது, ட்யூப், கூட்டம், கார்டு. அம்மா கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். பேச்சு குழறியது.

"அந்த அதிகாரி திங்கக்கிழமையோட ஊரை விட்டா போயிடுறாங்க?"

"என்னம்மா?"

"வெள்ளிக்கிழமை போய்ச் சொல்லியிருக்கலாம்ல. எனக்கு இன்னைக்கு முடிஞ்சிருக்கும்."

அதிகாரி பேனாவைத் திறந்ததும் அவளுக்குக் கோபம் வந்தது, சொன்னாள். நாள் பார்க்கத் தோன்றவில்லை. பார்த்திருந்தால், அம்மா தேறி வீட்டுக்கு வந்திருந்தால், வெள்ளிக்கிழமை சொல்லியிருப்பாளா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. அதை எப்படி அம்மாவிடம் சொல்வது?

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். வீங்கிய கன்னம் தலையணையில் பட்டது. பல்லைக் கடிக்கவும் முடியாமல் முனகிக்கொண்டு, மறுபடி மகளின் பக்கமே திரும்ப வேண்டியிருந்தது.