கப்பலிலிருந்து சாக்லேட் பார்க்க வந்தவர்கள்

வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள் என்று அன்று காலை மிட்டாய்க் கம்பெனிப் பெண்களையெல்லாம் குழாயடியில் நிறுத்திக் கை கழுவ வைத்தார் சூப்பர்வைசர் செல்வநாதன். கழுவிய கையை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். கருவாட்டு வாசம் வந்தால் மறுபடி சோப்பு. முகத்தில் அம்மைத் தழும்பு இருந்த நீலாவையும், வாயும் வயிறுமாக இருந்த இன்னொருத்தியையும், பல் எடுப்பாக இருந்த இரண்டு பேரையும் பின்பக்கத்து மூட்டைக் கொட்டகைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வெள்ளைப் புடவை கிடைத்தது. கஞ்சி மொடமொடப்பு போகாத புதுப் புடவை. சாயங்காலம் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஞானத்தின் கொசுவத்தைச் சரிசெய்துவிட்ட மலர்க்கொடி, "புதுப்பொண்ணு மாதிரி கீறக்கா" என்றாள். ஞானம் சிரித்துக்கொண்டாள். புதுப்பெண்ணாக இருந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

கம்பெனி திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் லாரி ஷெட்டுகளுக்கு நடுவே இருந்தது. தெற்கேயிருந்து வந்து கடலை மிட்டாய் விற்று மேலே வந்தவர் சிவந்தி முதலாளி. பம்பாயில் யாரோ கழித்துப்போட்ட மெஷினை வாங்கி வந்து சாக்லேட் போட ஆரம்பித்திருந்தார். உலகத்தைச் சுற்றும் பெரிய கப்பல் ஒன்று ஒரு பகல் மட்டும் ஹார்பரில் நிற்கப்போகிறது, காலையில் கோயில், அப்புறம் சாக்லேட் செய்வதை வேடிக்கை பார்ப்பது என்று ஏஜெண்டு ஒருவர் ஏற்பாடு செய்து கொடுத்ததிலிருந்து முதலாளிக்குத் தூக்கமே இல்லை. சுவரெல்லாம் சுண்ணாம்பு. வாசலில் வாழைமரம். வேலை நேரத்தில் ஒரு துண்டு சாக்லேட்டை வாயில் போட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை நினைவுபடுத்துவதற்காக அன்று காலை இன்னொரு முறையும் சொன்னார்.

கப்பல் என்ற பேச்சு வந்தாலே ஞானத்துக்குக் காது அங்கேதான் இருக்கும். அவள் புருஷன் ஹென்றி கப்பலில்தான் போனான். மகள் ஐரீன் தவழ ஆரம்பித்த சமயம், சாப்பாட்டு மேஜையில் பரிமாறுகிற வேலை என்று சொல்லிவிட்டு, ராயபுரத்துச் சந்து முனையில் திரும்பிப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனவன். முதல் வருஷம் கடுதாசி வந்தது, பணம் வந்தது. பிறகு கடுதாசி மட்டும். பிறகு அதுவும் இல்லை. கப்பல்காரர்களை வழிமறித்து விசாரித்தாள். ஒருத்தன் சிங்கப்பூரில் பார்த்தேன் என்றான், இன்னொருத்தன் தெரியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாதா கோயிலில் சாமியாரிடம் சொல்லி அழுதாள். அழுதுகொண்டே இருந்தால் வயிறு கேட்காதே, மிட்டாய்க் கம்பெனிக்கு வந்தாள். ஐரீனுக்கு இப்போது ஏழு வயது. ராத்திரி ஹார்பரில் சங்கு ஊதினால், "எங்க அப்பா கப்பலு" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்வாள். ஞானம் மறுத்துச் சொன்னதில்லை.

பஸ் வந்தது. மாலையும் சந்தனமுமாக முதலாளி ஓடினார். முப்பது பேருக்கு மேல் இருக்கும், பெரும்பாலும் வயசானவர்கள், வெயிலில் சிவந்துபோன கழுத்துகள். விளக்கிச் சொல்லக் கூட வரவேண்டிய உள்ளூர்க்காரருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டதால், தமிழ் தெரிந்த ஆள் என்று கப்பலிலேயே வேலை செய்கிற ஒருவனை அனுப்பியிருந்தார்கள். ஞானம் தலை குனிந்து வெள்ளித்தாள் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ இங்கிலீஷில் என்னவோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அதே குரல் தமிழில், "எங்கேருந்து ஆரம்பிக்கலாம் சார்?" என்று கேட்டது.

அவள் விரல்களில் இருந்த சாக்லேட் நசுங்கியது.

நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, நெஞ்சில் பித்தளைப் பட்டை. கொஞ்சம் சதை போட்டிருந்தான். மீசையை எடுத்துவிட்டிருந்தான். அவன் கண் பெண்களின் வரிசை மேல் ஓடிக்கொண்டே வந்து, அவளைத் தாண்டிப் போய், திரும்பி வந்து நின்றது. அவ்வளவுதான். வெள்ளைக்காரர்கள் பக்கம் திரும்பி, கையை நீட்டி, கொக்கோ கொட்டையை வறுக்கும் உருளையைக் காட்ட ஆரம்பித்துவிட்டான்.

வறுப்பது, தொலி நீக்குவது, அரைப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். அச்சில் ஊற்றும் இடத்துக்கு வந்ததும் முதலாளி வெள்ளைக்காரர்கள் தலையில் காகிதத் தொப்பி மாட்டிவிட்டு, அவர்களையே ஊற்றிப் பார்க்கச் சொன்னார். ஒரு கிழவர் பாதியை மேஜையில் ஊற்றினார். கைதட்டினார்கள். ஒருத்தி கடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, மீதியைக் கைக்குட்டையில் துப்பினாள். தரையில் சிந்தியதை மலர்க்கொடி மண்டியிட்டுத் துடைத்தாள். ஞானத்தின் கை தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அவன் சட்டையைப் பிடித்தால் என்ன என்று ஒரு நினைப்பு. பிடித்து, 'எம் புருசன்யா இவன்' என்று கத்தினால் இந்தக் காகிதத் தொப்பிகள் எல்லாம் திரும்பிப் பார்க்கும். அப்புறம்? அவன் வேலை போகும், தன் வேலையும் போகும். இருந்தாலும் அவன் இந்த மேஜைக்கு வந்துதானே ஆகவேண்டும், வந்ததும் வாயைத் திறந்து பெயரைச் சொல்லித்தானே ஆகவேண்டும் என்று காத்திருந்தாள்.

வந்தான். நீலக் கவுன் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பாட்டி அவள் விரல்களின் வேகத்தைப் பார்த்து அதிசயப்பட்டாள். அவளுடைய தாலியைக் காட்டி அவனிடம் ஏதோ கேட்டாள். அவன் ஒரு நொடி தயங்கினான். முதலாளி பக்கத்திலேயே நின்றார்.

"உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பண்றாருன்னு அம்மா கேக்குறாங்க" என்றான் ஹென்றி. சினிமாவில் பேசுகிற மாதிரி சுத்தமான தமிழ்.

ஞானம் அவன் முகத்தையே பார்த்தாள். "கப்பல்ல வேலை செய்றாருன்னு சொல்லுங்க சார். போயி ஆறு வருசமாச்சு. பொண்டாட்டி புள்ள உசுரோட கீதுங்களா செத்துச்சுங்களான்னு கூட எட்டிப் பாக்கலன்னு சொல்லுங்க."

முதலாளியின் முகம் கறுத்தது. ஹென்றி பாட்டியிடம் திரும்பி இங்கிலீஷில் சொன்னான். கொஞ்சம் நீளமாகவே சொன்னான். பாட்டி கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஞானத்தின் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினாள். அவன் என்ன சொன்னான் என்று ஞானத்துக்குத் தெரியவில்லை, தெரியப்போவதும் இல்லை. பாட்டி விடவில்லை, காமிராவைத் தூக்கி, ஹென்றியை அவள் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட என்று கையைக் காட்டினாள். கல்யாணத்தன்று நின்ற மாதிரி தோளோடு தோள் உரச நின்றார்கள். அவன் சட்டையில் புது சோப்பு மணத்தது. பாட்டி கண்ணைக் காமிராவில் வைத்த நேரத்தில் அவன் உதடு அசையாமல் சொன்னான்: "கத்தாத ஞானம். நாலு மணிக்கு ஹார்பர் கேட்டாண்ட வா. பேசிக்கலாம்."

பெயரைச் சொன்னானே என்று அந்த மடத்தனமான மனசு அதற்கே இளகியது.

பஸ் போனதும் வெள்ளைப் புடவையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுச் செல்வநாதனிடம் போய் அரை நாள் லீவு கேட்டாள். "நீ பண்ண கூத்துக்கு மொதலாளி உன்ன இன்னும் வுட்டுவச்சதே பெருசு. இப்ப போனா போனதுதான். நாளைக்கு வராத" என்றார். மலர்க்கொடி தூரத்திலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். ஞானம் வெளியே வந்து நடந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஐரீனைக் கூட்டிக்கொண்டு, முகம் கழுவி, கிறிஸ்துமஸுக்குத் தைத்த கவுனைப் போட்டுவிட்டாள். யாரைப் பார்க்கப் போகிறோம் என்று பிள்ளை வழிநெடுகக் கேட்டது. "வா, சொல்றேன்" என்றாள். அவன் வாயாலேயே சொல்லட்டும் என்று இருந்தாள்.

சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டான். கையில் ஒரு பெட்டி. கம்பெனியில் விருந்தாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. காலையில் அவளே தாள் சுற்றி நிரப்பிய பெட்டிகளில் ஒன்று. "இதான் பாப்பாவா?" என்று குனிந்து ஐரீனிடம் நீட்டினான். பிள்ளை அம்மாவைப் பார்த்தது. ஞானம் வாங்கிக்கொள்ளச் சொன்னாள். ஐரீன் நாலடி தள்ளிப்போய், தூண் ஓரத்தில் குந்திப் பெட்டியைத் திறந்தது.

"பினாங்குல ஒரு வூடு ஆயிப்போச்சு ஞானம்" என்றான். இப்போது ராயபுரத்துப் பேச்சு தானாக வந்துவிட்டது. "ரெண்டு பசங்க. இன்னா பண்றது, ஆயிப்போச்சு. நீ வந்து கூச்சல் போட்டா எல்லாம் நாறிடும். புள்ளையாண்ட ஒண்ணும் சொல்லிக்காத. நான் இனிமே இந்தப் பக்கம் வர கப்பல்ல ஏற மாட்டேன்."

"அத்த சொல்லத்தான் வரச் சொன்னியா?"

"நேர்ல சொன்னா நீ புரிஞ்சிக்குவேன்னு பாத்தேன்."

சண்டை போடுவதற்குக்கூட அவன் தன்னுடைய ஆளாக இருக்கவேண்டும் என்று ஞானத்துக்குத் தோன்றியது. அதற்குள் ஐரீன் ஓடிவந்தது. வாய் நிறைய சாக்லேட். அம்மா கையால் ஆயிரம் ஆயிரமாகச் சுற்றியதில் ஒன்றைக்கூட அது அன்றுவரை தின்றதில்லை. "அம்மா, வாயில வச்சதுமே கரையுதும்மா!" என்றது. பிறகு அவன் வெள்ளை உடுப்பை ஏற இறங்கப் பார்த்தது.

"அங்கிள், நீங்க கப்பல்லயா கீறீங்க? எங்க அப்பாவ பாத்தீங்களா? அவரும் கப்பல்லதான் கீறாரு."

ஹென்றி ஞானத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. அதைக் கண்டதும் அவளுக்குள் எதுவோ கெட்டியாக உறைந்துபோயிற்று.

"உங்கப்பா செத்துட்டாரும்மா" என்றாள் ஞானம். "அத்த சொல்லத்தான் இந்த அங்கிள் வந்துகீறாரு."

சொன்ன பிறகுதான், அவன் அதை மறுத்துவிடுவான் என்று தான் எதிர்பார்த்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. அவன் முகம் வெளுத்தது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். தலையில் இருந்த மூட்டையை யாரோ இறக்கிவிட்ட மாதிரி ஒரு மூச்சு விட்டான்.

"ஆமா பாப்பா" என்றான். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். "ரொம்ப நல்ல மனுசன். எப்பப் பாரு உன்னப் பத்தியே பேசிகினு இருப்பாரு." ஐரீனின் தலையில் கை வைத்தான், எடுத்தான். கேட்டில் நின்ற போலீஸ்காரரிடம் பாஸைக் காட்டிவிட்டு உள்ளே நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

ஐரீன் அழவில்லை. ஒரு கன்னம் உப்பியபடியே இருந்தது. மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. விழுங்கலாமா கூடாதா என்று தெரியாமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. வாயோரத்திலிருந்து பழுப்பாக ஒரு கோடு இறங்கி, முகவாயில் சற்றே தங்கி, கவுனின் வெள்ளைக் கழுத்துப்பட்டியில் சொட்டியது. ஹார்பர் காற்று பெட்டிக்குள் இருந்த வெள்ளித்தாள்களைச் சலசலவென்று புரட்டியது.