ஒரே குசினியில் இருவர்

கிளிநொச்சியில் நடந்த ஓவியக் கண்காட்சியைப் பற்றிச் சுகந்தினி தன் கணவன் குகதாசனிடம் மட்டுமே சொல்லியிருந்தாள். அவனோ முரசுமோட்டையிலிருந்து மோட்டார் சைக்கிளில் தாயையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான்.

"மாமியை ஏனப்பா கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"தானும் வாறன் எண்டு வெளிக்கிட்டா. நான் என்ன செய்ய?"

சுகந்தினி கண்காட்சி மண்டப வாசலைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே மாட்டியிருந்த அவளுடைய ஓவியத்தில் மாமியும் இருந்தார்.

மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய மாயாண்டியின் மகள் சுகந்தினி. மகன் அவளை விரும்பிக் கட்டியதை யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்த மாமி இராசேஸ்வரியால் ஏற்க முடியவில்லை. கல்யாணம் முடிந்ததிலிருந்து இருவரும் ஒரே குசினியில் சமைத்தார்கள். உப்பு, புளி தவிர வேறு கதை இல்லை.

அதைத்தான் வரைய நினைத்தாள். முதலில் மாமியின் கடுகடுத்த முகத்தை மட்டும் வரைந்தாள். பார்க்கப் பார்க்க அது பாதிப் பொய்யாகப் பட்டது. அழித்துவிட்டு, அடுப்படியில் ஒருத்தியையும் அம்மியடியில் ஒருத்தியையும் வரைந்தாள். இருவரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

இராசேஸ்வரி ஓவியத்துக்குக் கிட்டப் போய் நின்றார்.

"இது எங்கட குசினியெல்லோ?"

"ஓம், மாமி."

"அம்மியடியில நிக்கிறது நான்."

"ஓம்."

"என்னை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிக்கிறமாதிரிக் கீறியிருப்பாய் எண்டு நினைச்சன். நீயும் திரும்பித்தான் நிக்கிறாய்."

"நானும் அப்பிடித்தானே நிண்டனான், மாமி."

இராசேஸ்வரி மறுபடி ஓவியத்தைப் பார்த்தார். "முதுகைப் பாக்கவே தெரியுது, ரெண்டு பேரும் நல்லாக் களைச்சுப் போனம்."

பிறகு அவளுடைய கையைப் பிடித்தார். "விடியவே வந்தனி. ஏதாவது சாப்பிட்டனியோ?"

"இல்லை, மாமி. பயத்தில ஒண்டும் இறங்கேல்லை."

"எனக்கோ பயந்தனி? வா, பிள்ளை."

மூவரும் வீதிக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்தார்கள். வடையில் உப்பில்லை, தேத்தண்ணியில் சாயம் காணாது என்று இராசேஸ்வரி ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தார். சுகந்தினியும் பதிலுக்குப் பதில் சொன்னாள். குகதாசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

சுகந்தினிக்கு அப்போதுதான் பசியே தெரிந்தது. உப்பில்லாத வடையில் இன்னொன்றை எடுத்துக் கடித்தாள்.