மூச்சில் சொன்ன ஆமாம்

வடக்கே பனிக்காட்டுக்குள் இருக்கும் கிரான்ட்ரெஸ்க் ஊரில் யாரும் 'ஆமாம்' என்று வாய் திறந்து சொல்வதில்லை. உதட்டைக் குவித்து மூச்சைச் சட்டென்று உள்ளே இழுப்பார்கள். 'ஷுப்' என்று மெல்லிய சத்தம் வரும், அவ்வளவுதான். கல்யாணத்தில் பாதிரியாருக்கும் அதே பதில்தான்.

அந்தப் பிப்ரவரிக் காலையில் மன்றக் கூடத்தில் முந்தின நாள் மன்றக் குறிப்பைப் படித்ததும் அல்ஃபில்ட் பேனாவை மூடி வைத்தாள். ஊருக்குத் தபால் கொண்டு போகிறவள் அவள். மன்ற உறுப்பினரும்கூட. குறிப்பைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் முறை இந்தத் தடவை அவளுடையது.

'ஊராட்சி தனியாகவே இருக்க வேண்டுமா என்று கேட்கப்பட்டது. எவரும் ஆமாம் என்று சொல்லவில்லை. ஆகவே பக்கத்து நகரோடு இணைய மன்றம் சம்மதிக்கிறது.'

கேட்டதும் எழுதியதும் தெற்கிலிருந்து புதிதாக வந்திருந்த மாவட்ட அதிகாரி ராம்பெர்க்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"ஏம்மா? மூணு தடவ கேட்டேன். ஒருத்தராவது வாயத் திறந்தீங்களா?"

"மூணு தடவையும் பதினஞ்சு பேரும் சொன்னோமே!"

"அந்தச் சத்தமா? ஜன்னல் வழியா காத்து வருதுன்னுல்ல நெனச்சேன். எழுந்து போயி சாத்தினேனே!"

"குளிருதுபோலன்னு நாங்களும் சும்மா இருந்துட்டோம்" என்றார் மன்றத் தலைவர் எவர்ட், காய்ந்த ரொட்டியை மென்றுகொண்டே.

ராம்பெர்க் சிரிக்கவில்லை. "பன்னெண்டு மணி பஸ்ல நான் போகணும். வேணும்னா ஆட்சேபம்னு எழுதிக் குடுங்க, கீழ சேர்த்துடறேன்."

"எழுதிக் குடுத்துடேன் அல்ஃபில்ட்" என்றார் எவர்ட்.

"நாம எதையும் ஆட்சேபிக்கல அண்ணே. ஆமாம்னு சொன்னோம். சொன்னது அப்படியே இருக்கணும்."

இணைந்துவிட்டால் ஊர்ப் பள்ளியை மூடிவிடுவார்கள். பதினொரு பிள்ளைகள் தினமும் எழுபது கிலோமீட்டர் போக வேண்டும். அல்ஃபில்ட் பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். எந்த நேரத்தில் யார் எங்கே இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? பதினொன்றரைக்கெல்லாம் மீதிப் பதின்மூன்று பேரும் மரத்தூளோடும் மாட்டுக்கொட்டகை வாசத்தோடும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். சுவர்க் கடிகாரத்தின் ஊசலை விரலால் பிடித்து நிறுத்தினாள்.

"இப்ப கேளுங்க சார்."

ராம்பெர்க் கேட்டார். பதினைந்து பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள்.

அவர் குறிப்பின் கடைசி இரண்டு வரிகளை அடித்துவிட்டு, 'ஆமாம் என்றார்கள்' என்று எழுதினார்.

"எத்தன பேருன்னு போடல" என்றாள் அல்ஃபில்ட்.

'பதினைந்து பேரும்' என்று சேர்த்தார். அவள் முதலிலிருந்து ஒரு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டாள். வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

"மேல இருக்கறவங்க இதோட விட மாட்டாங்கம்மா" என்றார் ராம்பெர்க், கோட்டை மாட்டிக்கொண்டே. "மறுபடியும் கேப்பாங்க. மறுபடியும் இதேதான் சொல்லுவீங்களா?"

அல்ஃபில்ட் மூச்சை உள்ளே இழுத்தாள்.

ராம்பெர்க் இந்தத் தடவை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.