தானாக நடந்து போகிறவர்கள்

உலகத்தில் நடக்கிற அநியாயங்களில் பாதிக்குக் காரணம், அவுட் என்று தெரிந்ததும் அம்பயர் சொல்வதற்கு முன்பே பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தானாக நடந்து போகிறவர்கள்தான் என்று மாரிச்செல்வம் அறிவித்தான். மீதிப் பாதிக்கு யார் காரணம் என்று அவன் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அறிவிப்பு நடந்த இடம், மாரியூர் கடற்கரைக்குப் பின்னால் உப்பளத்தை ஒட்டிய பொட்டலில் போட்டிருந்த சாமியானாப் பந்தல். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சாயல்குடி அணியின் மீதி ஆட்டக்காரர்களும், முதல் பரிசாகக் கட்டி வைத்திருந்த வெள்ளாட்டுக் கிடாவும். யாருக்காகச் சொல்லப்பட்டதோ அந்த ஜாபர் சாதிக் ஷூவுக்குள் போன மணலைத் தட்டிக்கொண்டிருந்தான். முதல் ஓவரிலேயே கீப்பரிடம் கேட்ச் கொடுத்துவிட்டு, அம்பயர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்தவன்.

"பட்டுச்சு, வந்துட்டேன்" என்றான் ஜாபர்.

"பட்டுச்சுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"பேட்டு என் கையிலதானப்பா இருந்துச்சு."

"அது சாட்சி. தீர்ப்பு இல்ல. குத்தவாளியே தீர்ப்ப எழுதி வச்சுட்டுப் போயிட்டா நீதிபதி என்ன சுண்டல் விக்கவா வந்தாரு? அரசியல் சட்டம் படிக்கணும்லே."

மாரிச்செல்வம் ராமநாதபுரத்தில் பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு. அரசியல் சட்டத்தில் அவனுக்கு அரியர் இருந்தது.

தானாக நடந்து போகிறவர்களுக்கு அவன் பாதயாத்திரைக்காரர்கள் என்று பெயர் வைத்திருந்தான். ஜாபரைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டு, "எந்த ஊரு வரைக்கும்?" என்று விசாரிப்பான். மாரிச்செல்வமோ, அம்பயரின் விரல் மேலே போகாமல் ஒருநாளும் கிரீஸை விட்டு நகர்ந்ததில்லை. ஒருமுறை நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு போய்க் கீப்பர் காலடியில் கிடந்தபோதும் நின்றான். "காத்துக்கு விழுந்துருக்கலாம்ல?" என்று கேட்டான். அன்றைக்குக் காற்று அடித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கடற்கரைப் பக்கம் டென்னிஸ் பால் போட்டிகளுக்கு வெளி அம்பயர் கிடையாது. எந்த அணி பேட்டிங் ஆடுகிறதோ அந்த அணியின் ஆளே போய் அம்பயராக நிற்க வேண்டும். முன்பு ஒரு வருடம் பொது அம்பயர் என்று ஒருவரைக் கூட்டிவந்து பார்த்தார்கள். தார் ரோடு இருந்தும் அவர் கருவக் காட்டுக்குள் புகுந்துதான் ஊர் போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து இந்த ஏற்பாடு. பந்தலுக்கு மேலே கட்டிய பிளக்ஸில் 'அம்பயர் தீர்ப்பே இறுதியானது' என்று சிவப்பில் அச்சடித்திருந்தது. அச்சடித்தவர் ஆட்டம் பார்க்கிறவர் இல்லை போலிருக்கிறது.

இன்றைக்கு இறுதி ஆட்டம். சாயல்குடிக்கும் மாரியூருக்கும். சாயல்குடி கேப்டன் சேதுபதி இரவெல்லாம் யோசித்து ஒரு வியூகம் வகுத்திருந்தான். பந்து போடுகிற முனையில் அம்பயராக நவ்ஷாத்தை நிறுத்துவது.

"நவ்ஷாத்து நம்ம டீமு. ஆனா வர்ற திங்கக்கெழமையிலருந்து மாரியூர் கேப்டனோட வண்டி ஓட்டப் போறவன். அவன் நாட் அவுட்டுன்னு சொன்னா அவய்ங்க எப்படிச் சண்டைக்கு வருவாய்ங்க? நம்ம ஆளுதானேன்னு கம்முனு இருப்பாய்ங்க. எப்படி?"

பிரமாதம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நவ்ஷாத் மட்டும், "வேற ஆளப் போடு மாப்ள" என்றான். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நவ்ஷாத் சவூதியில் இருந்தவன். கம்பெனியை மூடிவிட்டதால் திரும்பி வந்து ஆறு மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்தான். லத்தீபாவை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். "மாப்ள இப்ப என்ன செய்றாக?" என்று பெண்ணைப் பெற்ற அத்தா கேட்க ஆரம்பித்து, இப்போது கேட்பதையும் நிறுத்திவிட்டார். அது கேட்டதைவிட மோசமாக இருந்தது. அந்த நேரத்தில்தான் மாரியூர் கேப்டன் தங்கசாமி, மீன் வண்டிகள் ஓட விடுகிறவர், "மதுர வண்டி சும்மா நிக்கிது. திங்கக்கெழம வந்து சாவிய வாங்கிக்க" என்றார். நவ்ஷாத் அதைப் பெண் வீட்டுக்குச் சொல்லி அனுப்ப, அங்கிருந்து இனிப்பாக ஒரு தட்டு வட்டலப்பமும் வந்துவிட்டது.

கடைசி ஓவர் வந்தபோது சாயல்குடிக்கு ஒன்பது ரன் வேண்டும். மாரிச்செல்வம் நாற்பதைத் தாண்டி ஆடிக்கொண்டிருந்தான். பந்தை எடுத்துக்கொண்டு தங்கசாமியே வந்தார். கனத்த உடம்பு. நாலு எட்டு மட்டும் ஓடி வந்து, வாயைப் பிளந்துகொண்டு மெதுவாகப் போடுகிறவர். அந்த மெதுப் பந்தில்தான் அந்த வட்டாரமே அவுட் ஆகிக்கொண்டிருந்தது.

முதல் பந்து வைடுக்குக் கொஞ்சம் உள்ளே விழுந்தது. மாரிச்செல்வம் எட்டி வீசினான். பந்து பேட்டின் ஓரத்தில் பட்டது. டென்னிஸ் பந்து, கடல் காற்று வேறு. சத்தம் என்று ஒன்றும் எழவில்லை. ஆனால் கைப்பிடி வழியாக மணிக்கட்டுக்கு ஒரு சின்ன நடுக்கம் ஏறியது அவனுக்குத் தெரிந்தது. கீப்பர் பிடித்துவிட்டுக் குதித்தான். பதினோரு பேரும் கத்தினார்கள்.

மாரிச்செல்வம் கிரீஸுக்குள் வந்து, பேட் நுனியால் பிட்ச்சில் இல்லாத ஒரு மேட்டைத் தட்டிச் சமப்படுத்தினான்.

நவ்ஷாத் விரலைத் தூக்கவில்லை. தலையையும் ஆட்டவில்லை.

"என்னப்பா?" என்றார் தங்கசாமி.

"ஒரு நிமிசம்ணே."

அந்த ஒரு நிமிடத்தில் மாரியூர் அணி முழுவதும் அவனைச் சுற்றி வந்துவிட்டது. அது போதாதென்று பந்தலிலிருந்து சேதுபதியும் மற்றவர்களும் ஓடிவந்து வெளி வட்டம் போட்டார்கள். அதற்கும் வெளியே வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு பக்கம் கருவ முள், ஒரு பக்கம் உப்பளம், நாலாவது பக்கம் கடல்.

ஆட்டோவில் கட்டியிருந்த மைக், "அம்பயர் ஆலோசித்துக்கொண்டிருக்கிறார். ரசிகப் பெருமக்கள் அமைதி காக்கவும்" என்றது.

"எதுக்குலே ஆலோசன? பட்டுச்சு, பிடிச்சான்" என்றான் கீப்பர்.

"நீ சொன்னாப்ல ஆச்சா? நாட் அவுட்டு. சொல்லு நவ்ஷாத்து, தைரியமாச் சொல்லு" என்றான் சேதுபதி.

தங்கசாமி சத்தம் போடவில்லை. நவ்ஷாத்தின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். "அவன யாரும் அதட்டாதிய. நம்ம பய. பாத்ததத்தான் சொல்லுவான். நான் ஒண்ணும் சொல்லலப்பா. நாளப்பின்ன ஒம்மேல ஒரு வண்டி மீன நம்பி விடணும், அம்புட்டுத்தான்."

உடனே வெளி வட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஓகோ, சாவி பேசுதா?"

"அவுட்டுன்னு மட்டும் சொல்லிப் பாரு. வெல போயிட்டான்னு ஊரு பூரா சொல்லுவோம்" என்றது இன்னொரு குரல். இரண்டும் சாயல்குடிக் குரல்கள். நேற்று வரை நவ்ஷாத்தோடு ஒரே கிளாசில் டீ குடித்த குரல்கள்.

பேட்டில் பட்டுப் பந்து திரும்பியதை நவ்ஷாத் பார்த்திருந்தான். பார்த்ததைச் சொன்னால், சாவிக்காகச் சொன்னதாகிவிடும். ஜும்மாவுக்குப் போனால் அங்கேயும் அதுதான் பேச்சாக இருக்கும். மறைத்துச் சொன்னால் பொய்யன். பொய்யனிடம் யார் வண்டியைக் கொடுப்பார்கள்? ஒரே ஒரு பந்துக்கு இரண்டு பதில்கள் இருந்தன. இரண்டுமே லத்தீபா வீட்டு வாசலில் போய் முட்டி நின்றன. தங்கசாமியின் கை இன்னும் அவன் தோளிலேயே இருந்தது.

"சரி, ஆடுனவன்கிட்டயே கேப்போம்" என்று தங்கசாமி திரும்பினார். "ஏலே மாரி, இங்கன வா. பட்டுச்சா, இல்லயா?"

வட்டம் வழிவிட்டது. மாரிச்செல்வம் பேட்டை ஊன்றி நின்றான்.

"அண்ணே, அது என் டிபார்ட்மென்ட் இல்ல. அம்பயரக் கேளுங்க. அந்தா, பிளக்ஸ்லயே போட்ருக்கு."

அவன் பக்கத்து ஆட்கள் விசில் அடித்தார்கள். சேதுபதி கைதட்டினான். மூன்று வருடமாகச் சொல்லிவரும் சித்தாந்தம் இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு நடுவில் அரங்கேறியதில் மாரிச்செல்வத்துக்கே ஒரு புல்லரிப்பு வந்தது. வட்டம் மறுபடி மூடிக்கொண்டு நவ்ஷாத் பக்கம் நெருங்கியது, முன்பைவிட ஒரு எட்டு கூடுதலாக.

"அம்பயர் இன்னும் ஆலோசித்துக்கொண்டிருக்கிறார்" என்றது மைக். "தண்ணீர் தேவைப்பட்டால் கமிட்டியை அணுகவும்."

யாரோ நவ்ஷாத்தின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார்கள். யார் என்று பார்க்க அவன் திரும்பவில்லை. கூட்டத்தின் தலைகளுக்கு நடுவே மாரிச்செல்வத்தைத்தான் பார்த்தான். கெஞ்சுகிற பார்வையாக இருந்திருந்தால் மாரிச்செல்வம் சமாளித்திருப்பான். கெஞ்சுகிறவர்களைக் கிண்டல் செய்து அவனுக்குப் பழக்கம். நவ்ஷாத் சும்மா பார்த்தான். தெரியும் என்று பார்த்தான். ஒனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், ஆனா அதை வாயால சொல்றதுக்கு வெல நான் மட்டும் குடுக்கணும், இல்லயா மாப்ள என்று பார்த்தான்.

மாரிச்செல்வம் கையைக் கண்ணுக்கு மேல் வைத்து வெயிலைப் பார்த்தான். பிட்ச்சைப் பார்த்தான். சமப்படுத்த இனி மேடு எதுவும் மிச்சமில்லை.

"சொல்லுலே!" என்று கீப்பர் நவ்ஷாத்தின் நெஞ்சுக்கு நேரே விரலை நீட்டினான். சேதுபதி அந்த விரலைத் தட்டிவிட்டான். அவன் கையை இன்னொருவன் பிடித்தான். அடுத்தது அடிதான் விழ வேண்டும்.

"தாகமா இருக்கு" என்றான் மாரிச்செல்வம்.

யாருக்கும் சரியாகக் காதில் விழவில்லை. அவன் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பந்தலைப் பார்த்து நடந்தான். வேகமும் இல்லை, மெதுவும் இல்லை. பாதி தூரம் போன பிறகுதான் கூட்டம் கவனித்தது.

"எங்கலே போற?" என்று கத்தினான் சேதுபதி.

"தண்ணி குடிக்க."

"குடிச்சுட்டு வந்துருவேல்ல?"

மாரிச்செல்வம் திரும்பவில்லை. மைக் கொஞ்ச நேரம் திணறியது. பிறகு, "மாரிச்செல்வம் தண்ணீர் அருந்தச் சென்றிருக்கிறார்" என்று அறிவித்தது.

வட்டம் நடுவில் ஆள் இருந்தும் காலியானது போலத் தளர்ந்தது. தங்கசாமி தோளிலிருந்து கையை எடுத்தார். நவ்ஷாத் குனிந்து, சாயாமல் நேராக நின்றிருந்த ஸ்டம்ப்பை ஒருமுறை பிடித்து ஆட்டிப் பார்த்தான். அவன் விரல் கடைசி வரை மேலே போகவில்லை.

"வெளங்காத பய! அடுத்தது யாருலே? யாராச்சும் போங்கலே!" சேதுபதியின் குரல் உடைந்து உப்பளம் வரைக்கும் கேட்டது. பந்தலில் இருந்தவர்கள் வசவுகளை மாரிச்செல்வத்தின் பக்கம் திருப்பினார்கள். அத்தனையும் தாராளமான வசவுகள். ஒன்றுகூட நவ்ஷாத் பெயரில் இல்லை.

அடுத்த ஆட்டக்காரன் ஓடிப் போனான். மாரிச்செல்வம் கேனைச் சாய்த்து டம்ளரை நிரப்பிக் குடித்தான். ஜாபர் சாதிக் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டான்.

மாரிச்செல்வம் உட்காரவில்லை. ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தாகமே இல்லாமல் இரண்டாவது டம்ளரையும் நிரப்பி, கடைசிச் சொட்டு வரை குடித்தான்.